வாய் திறந்திருந்த வாத்தியக்காரர்

எண்பதுகளின் நடுவில் நானும் கணவரும் ஒடாஹுஹு என்ற புறநகரில் ஒரு போலந்துப் பெண்மணியின் வீட்டுப் பின்பகுதியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரம்மா அறுபதைத் தாண்டியவர், தனியாள். போரின்போது பதின்வயதில் ஜெர்மனிக்கு வேலைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு, பிறகு அகதி முகாமில் கிடந்து, கப்பலேறி இங்கே வந்தவர். ஓவியம் வரைவார்.

அவருடைய முன்னறையில் பெரிய எண்ணெய் வண்ண ஓவியம் ஒன்று மாட்டியிருந்தது. வட்டத் தொப்பியும் நரைக்கத் தொடங்கிய மீசையுமாக ஒரு மனிதர். கக்கத்தில் உப்பிய ஆட்டுத்தோல் பை, அதில் செருகிய குழல்கள். விரல்கள் துளைகளை மூடியிருந்தன. ஆனால் அவர் ஊதவில்லை. ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதுபோல வாய் திறந்திருந்தது.

நாதஸ்வரக்காரரின் கன்னங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது பிடிபடவேயில்லை.

"அந்த மனுசன் ஊதுறாரோ, கதைக்கிறாரோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

"கீறினவ பிழை விட்டிருப்பா. பேசாமல் இரும்."

இருக்க முடியவில்லை. ஒருநாள் வடை கொண்டுபோகிற சாட்டில் அவரிடமே கேட்டுவிட்டேன். எங்கள் இருவரின் ஆங்கிலமும் தட்டுத்தடுமாறும். அவர் சோபாவில் கிடந்த தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக் காட்டினார்.

"முதலில் பையை ஊதி நிரப்புவார். பிறகு வாயை எடுத்துவிடுவார். பையை அழுத்த அழுத்தக் குழல் பாடும், அவர் கதை சொல்லுவார். காற்று தீர்ந்தால் கதை நிற்கும். மறுபடி ஊதும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டும்."

வீட்டுக்காரம்மா பிறந்த மலைக் கிராமத்துக் கல்யாணங்களில் வாசித்தவராம். நினைவிலிருந்தே வரைந்தாராம்.

"அம்மாவின் முகம்கூட இவ்வளவு தெளிவாக வரவில்லை."

"ஏன்?"

"அம்மாவை யார் அப்படி உற்றுப் பார்க்கிறார்கள்?"

அந்தக் குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போலந்திலிருந்து புதிதாக வந்திருந்த ஒருவரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். முப்பது வயதிருக்கும். என்னையும் கூப்பிட்டிருந்தார். வந்தவர் கோட்டைக் கழற்றும்போதே ஓவியத்தைக் கண்டு நின்றுவிட்டார். இருவரும் போலிஷ் மொழியில் வேகவேகமாகக் கதைத்தார்கள். மேசையில் சூப் ஆறியது. கடைசியில் வீட்டுக்காரம்மா என் பக்கம் திரும்பினார்.

"இவர் பக்கத்து ஊராம். சின்ன வயதில் இந்த மனிதரைப் பார்த்திருக்கிறார், கிழவராக. போருக்குப் பிறகும் உயிரோடு இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் போய்விட்டது."

"அப்படியென்றால் நீங்களும் அந்தக் கதைகளைக் கேட்டிருப்பீர்கள்," என்றேன் வந்தவரிடம்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "கதையா? அவர் பேசவே மாட்டார். வாசிப்பார், தொப்பியைத் தூக்குவார், போய்விடுவார். பேச்சு வராதவர் என்றுதான் பிள்ளைகள் நாங்கள் நினைத்தோம்."

இடையில் அந்த வாத்தியக்காரருக்கு என்ன நடந்தது என்று வீட்டுக்காரம்மா கேட்டார். வந்தவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரம்மா எழுந்துபோய்ப் பென்சிலும் தாளும் எடுத்து வந்தார்.

"எப்படி இருந்தார், சொல்லுங்கள்."

அதற்குப் பிறகும் சில ஞாயிறுகள் அந்த இளைஞர் வந்தார். மீசை எவ்வளவு வெளுத்திருந்தது, எந்தத் தோள் இறங்கியிருந்தது என்று சொல்லச் சொல்ல வீட்டுக்காரம்மா வரைந்தார், அழித்தார். நானும் ஏதாவதொரு சாட்டு வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். இரண்டாவது ஓவியத்தில் குழல் வாயில் இருந்தது. கண்கள் தரையைப் பார்த்தன.

என் கணவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளோ?"

"ஓம்."

"நம்பேலாமல் கிடக்கு."

படம் முடிந்த அன்று, அந்தக் கதைகளில் ஒன்றைச் சொல்லும்படி இளைஞர் கேட்டார். வீட்டுக்காரம்மா யோசித்து யோசித்து, கைகளை ஆட்டிச் சொன்னார். இளைஞர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்ன கதை?" என்றேன்.

"ஆங்கிலத்தில் சொன்னால் சிரிப்பு வராது," என்ற வீட்டுக்காரம்மா, சொல்லத்தான் செய்தார். அழைக்காத கல்யாணத்துக்குப் போன ஒரு கரடியின் கதை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இளைஞர் இன்னமும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.