வளையம் வைத்த மடக்குக் கத்தி

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு தகரக் கொட்டகை, கரண்ட் இருந்தால் மட்டும் ஓடும் ஒரு கிரைண்டர், அப்புறம் ஒரு பட்டறை, அப்புறம் பக்கத்து மனையையும் வளைத்துப் பெரிய பட்டறை, தி.நகரில் மாடி வீடு, மகளுக்கு இன்ஜினியர் பட்டம். இவ்வளவையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். பேங்க்காரர் கடன் கிடையாது என்றார், மாமனார் பெண் கிடையாது என்றார். இரண்டையும் வாங்கினேன்.

எல்லாம் மடக்குக் கத்தி செய்து சம்பாதித்தது. முதலில் செய்தது இரும்புத் தகடு, மரப்பிடி, பிடி முனையில் பித்தளைப் பூண், பின்னால் ஒரு வளையம். லாக் கிடையாது, அசந்தால் விரல் மேலேயே மடங்கும். பிறகு நானே மூளையைக் கசக்கி லாக் வைத்து, துருப்பிடிக்காத தகடு போட்டு, கறுப்பு பிளாஸ்டிக் பிடி மாட்டினேன். ஊரே வாங்கியது. பழையதை அத்தோடு விட்டேன்.

போன மாதம் மகள் செல்போனை நீட்டினாள்.

"நைனா, இத்தப் பாரு. நம்ம பழைய கத்தி மாதிரியே கீது!"

ராஜா அண்ணாமலைபுரத்தில் பழைய கத்தி சேர்ப்பவர்கள் கண்காட்சி வைத்திருக்கிறார்களாம். என் பழைய பிடி அச்சை எடுத்துக்கொண்டு மகளோடு போனேன்.

ஏ.சி. குளிரில், வெல்வெட் மேல் என் கத்தி படுத்திருந்தது. அதைச் செய்த காலத்தில் எனக்கு ஃபேன்கூட இல்லை. பக்கத்தில் இங்கிலீஷ் அட்டை. மகள் படித்துச் சொன்னாள்: வெள்ளைக்காரர் காலத்தது, செய்தவர் தெரியவில்லை, வளையம் கப்பல் மாலுமிகள் இடுப்பில் கட்டிக்கொள்ள.

கப்பலாம்! மயிலாப்பூர் குளத்தோரப் பூக்காரம்மாக்கள் கூடையோடு கட்டி வைக்கக் கேட்ட வளையம் அது. கட்டாவிட்டால் பக்கத்துக் கூடைக்குப் போய்விடும்.

கத்தியின் சொந்தக்காரர் வந்தார். ரிட்டயர்டு அதிகாரி, கையில் வெள்ளைக் கையுறை.

"சார், இது நான் செஞ்சது" என்று அச்சைப் பக்கத்தில் வைத்தேன். மயிரிழை பிசகவில்லை. மனிதர் முகத்தில் இழவு விழுந்தது.

"மெதுவாப் பேசுங்கோ சார். நூறு வருஷப் பழசுன்னு சொல்லிண்டிருக்கேன்."

"இத்தவிட நல்லதும் நான்தான் பண்ணேன். லாக் கீது, துரு புடிக்காது. அத்த ஏன் சார் வைக்கல?"

"அது பிளாஸ்டிக். லாக் இல்லாததுதான் இதுக்கு அழகு. இந்தத் துருவைப் பாருங்கோ, என்ன நிறம்!"

அந்த நிறத்துக்காக நான் வாங்காத திட்டு இல்லை.

"சரி, பழசுலயாவது எம்பேரப் போடு சார்."

"எங்க சங்கத்துல ஒரு வழக்கம். உயிரோட இருக்கறவா பேரை அட்டையில போடறதில்லை. செஞ்சவரே எதிர்ல நின்னா அது பழசாகாது பாருங்கோ. பின்னாடி கட்டாயம் போட்டுடலாம்."

"பின்னாடின்னா? எங்க நைனா செத்தப்புறமா?" என்றாள் மகள்.

அவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

எவ்வளவு பெரிய மனசு! என் கத்திக்கு வெல்வெட் உண்டு, எனக்கு மாலை போட்ட பிறகு மரியாதை உண்டு. அவ்வளவு பொறுமை எனக்கு இல்லை ஐயா. வெள்ளைக்காரனையும் மாலுமியையும் அட்டையிலிருந்து இறக்குங்கள். செய்தவன் தெரியும், இருக்கிறான், இன்னும் பட்டறைக்குப் போகிறான். அவன் பெயரைத் தமிழில் போடுங்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். பெரிய எழுத்தாக, இப்போதே போடுங்கள்.