நனைந்த டி.வி.யை விற்காத எங்கள் அக்கா

எங்கள் அக்கா போய் ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரை வாங்கும் உங்களில் பலர் வீட்டு மிக்சியையோ டி.வி.யையோ அவர் கையால் வாங்கியவர்கள். உங்களிடம் அவரைப் பற்றிச் சொல்ல, தங்கையான எனக்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா பிறந்தது திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா, பேராவூரணியில் ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார். அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். பல வருடம் கழித்து, கடைத்தெருக் கோடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில், மூன்று மிக்சியும் இரண்டு மின்விசிறியும் வைத்துச் சொந்தக் கடை திறந்தார். வாஷிங் மெஷின் வாங்கியவர் வீட்டுக்கு மறுநாளே போய், முதல் துவைப்பு முடியும்வரை உடனிருந்து சொல்லிக்கொடுப்பார். கடை வளர்ந்தது அப்படித்தான்.

பிறகு வந்த பெரும் புயலில் அந்தக் கூரை பறந்தது. பொங்கலுக்கென்று வந்திறங்கிய டி.வி.கள் அத்தனையும் நனைந்தன.

சரக்கு கொண்டுவரும் ஏஜென்ட், "நல்லா காய வச்சு அட்டப்பெட்டிய மாத்திட்டா தெரியாதுக்கா. ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு, யாரு போட்டுப் பாக்கப் போறா?" என்றாராம்.

"தென்னந்தோப்பெல்லாம் சாஞ்சு தவிக்கிற சனங்க. அவங்க தலையிலயாங்க இதக் கட்டுறது?" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

ஒவ்வொரு பெட்டியிலும் 'நனைந்தது' என்று அவரே எழுதி, விற்காமல் ஒதுக்கிவைத்தார். எழுதும்போது அழுதார் என்று கடையில் வேலை பார்க்கும் செல்வி பிற்பாடு சொன்னாள். என்னிடம் போனில், "கூரதான் போச்சு, நான் நல்லாருக்கேன்" என்றார். மறுபடி மிக்சியிலிருந்து தொடங்கி, மாடிக் கடையே கட்டிவிட்டார்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது எனக்குத் தெரியாது. சென்னையிலிருந்து நான் கூப்பிட்டால், "கடையில ஆளு நிக்கிறாங்கடி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுவார். வியாபாரம் நன்றாக நடக்கிறதென்று மகிழ்ந்தேன். தஞ்சாவூரில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறார்.

கடைசியில் செல்விதான் அழைத்தாள். "சொல்லக் கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டாங்க. இனிமே என்னால முடியலங்க. வந்துருங்க."

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குப் பேச்சு நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் செல்வியைத் திரும்பி முறைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலை அந்தப் பிடி தளர்ந்தது.

ஊசிக்குப் பயந்த அக்காவிடம் பொறுமை காட்டிய செவிலியர்களுக்கும், கடையைத் தொடர்ந்து நடத்திய ஊழியர்களுக்கும், பஸ் ஏறி வந்து கஞ்சி கொடுத்துப்போன பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தப் பெண்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

செல்விக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கை தூக்க முடியாமல் போன அக்காவுக்கு எட்டு மாதம் தலைவாரிப் பின்னிவிட்டவள் அவள். நான் ஒருநாளும் செய்ததில்லை.

— தங்கை