ஜான்சியும் சரோஜினி அக்காவின் முட்டைகளும்

என் தங்கை ஜான்சியை யாராவது அமைதியான பெண் என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அமைதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு காரியத்தில் இறங்கிவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பாள். பத்தாம் வகுப்பில் கண்காட்சிக்கு மண்புழு வளர்க்கிறேன் என்று குளியலறை வாளியைத் தூக்கிக்கொண்டு போனவள், அந்த மழைக்காலம் முழுக்க எங்களைச் சொம்பில் மொண்டு குளிக்க வைத்தாள். அப்பா கத்தினார், நான் கத்தினேன், வாளி மட்டும் திரும்பி வரவில்லை.

இன்றைக்கு அவள் தாம்பரத்தில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் ஆராய்ச்சி செய்கிறாள். பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனில் இருக்கிறாள். கீழே நான், என் வீட்டுக்காரர் ஜீவானந்தம், மகள் ஆஷா. நான் பம்மலில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அறுபது பிள்ளைகளை அதட்டி அதட்டி எனக்குக் குரலும் கோபமும் கொஞ்சம் அதிகம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஜான்சியின் ஆராய்ச்சி முட்டையில். சிரிக்காதீர்கள், சர்ச்சில் எல்லாரும் சிரித்தாயிற்று. வீட்டில் வளர்க்கிற நாட்டுக்கோழி நாள் முழுக்க மண்ணைக் கிளறிக் கொத்துகிறது இல்லையா? அந்த மண்ணில் பழைய பெயின்ட், பேட்டரி, எரித்த குப்பை என்று ஏதாவது கலந்திருந்தால், அதிலுள்ள ஈயம் கோழிக்குள் போகும், கோழியிலிருந்து முட்டைக்கு வரும், முட்டையிலிருந்து நம் பிள்ளைகளுக்கு வரும். "மண்ணும் கோழியும் நாமும் தனித்தனி இல்லக்கா, எல்லாம் ஒரே குடித்தனம்" என்பாள். கோவிலம்பாக்கம் பக்கம், பழைய பட்டறைகள் இருந்த தெருக்கள், குப்பை எரிக்கிற இடங்கள் என்று ஸ்கூட்டரில் அலைந்து முட்டையும் மண்ணும் சேகரித்தாள். ஸ்கூட்டரின் முன்னால் முட்டை அட்டையை வைத்துக்கொண்டு வேகத்தடையில் அவள் ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான முட்டை கொஞ்சம் வேண்டுமாம். சந்தேகமே இல்லாத இடத்திலிருந்து. ஜான்சி யோசிக்கவே இல்லை. பக்கத்து வீட்டுச் சரோஜினி அக்காவிடம் போய் ஒரு கிண்ணம் வாங்கி வந்தாள்.

சரோஜினி அக்கா இந்த ஊர்க்காரர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு தனியாக இருக்கிறார். தனியாக என்று சொன்னால் சண்டைக்கு வருவார், ஏனென்றால் கோழிகள் இருக்கின்றன. அவர் வீட்டுப் பின்கட்டை வந்து பார்க்க வேண்டும். முருங்கை, கறிவேப்பிலை, பெருக்கித் தண்ணீர் தெளித்த மண். ஒரு பிளாஸ்டிக் காகிதம் கிடக்காது. ஆஷா கைக்குழந்தையாக இருந்து எழுந்து நடந்த நாளிலிருந்து அந்த வீட்டு முட்டையில்தான் வளர்ந்தாள். அக்கா தான் ஒன்றுகூடத் தொடமாட்டார். "எனக்கு இன்னாத்துக்கு? புள்ளைங்க துன்னட்டும்" என்பார். காசு கொடுத்தால் கோபம் வரும்.

ஜான்சி முட்டை வாங்கிப் போன அடுத்த வாரம் ஆஷா பெரிய பெண்ணானாள். எங்கள் சொந்தம் எல்லாம் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதையும் உளுந்தங்களியையும் நாங்கள் விட்டதில்லை. காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். இடுப்பு எலும்பு உறுதியாக வேண்டுமே! அதற்குக் கடை முட்டை ஆகாது, நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும். சரோஜினி அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் முந்தானையில் பொத்திக்கொண்டு வந்துவிடுவார்.

"இன்னாமே புஷ்பம், பாப்பா எந்திரிச்சுதா? இந்தா, இப்பதான் வுட்டுச்சு, சூடு கூட ஆறல. ரெண்டா ஒடச்சிக் குடு."

ஆஷா மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரில் நின்று பார்த்து ரசிப்போம்.

இதற்கிடையில் ஆய்வகத்தில் ஒரு குழப்பம். ஒப்பிட வைத்த சுத்தமான முட்டையில்தான் ஈயம் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்திருந்தது. பட்டறைத் தெரு முட்டையெல்லாம் அதற்குக் கீழே. ஜான்சியின் வழிகாட்டி சாம்பசிவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சீட்டு மாத்தி ஒட்டியிருப்பீங்கம்மா, திரும்பவும் பண்ணுங்க. உறுதியாகற வரைக்கும் வெளியில பேச வேண்டாம்" என்றாராம். அவர் சொன்னது நியாயம்தான். தப்பான செய்தி போனால் தெருவே கலவரமாகிவிடும். சீட்டு மாறியிருக்க வேண்டும் என்று ஜான்சியும் வேண்டிக்கொண்டாளாம். எங்களிடம் மூச்சு விடவில்லை. அக்காவிடம் மறுபடி ஒரு கிண்ணம் முட்டை கேட்டு வாங்கினாள், பின்கட்டு மண்ணிலும் ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். முதல் முடிவு வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால் என்னடி என்று பின்னால் நான் கேட்டபோது, "மாறியிருக்கும்னு நம்பினேன்க்கா" என்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆஷா டம்ளரை வாயில் வைக்கப் போகிறாள். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். விடியற்காலையிலேயே ஆய்வகத்துக்குப் போன ஜான்சி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து, பிள்ளை கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கிச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

"ஏய்! உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்று நான் கத்தினேன்.

"ஆமாக்கா. இனிமே இந்த முட்டை வேண்டாம். ரெண்டாவது தடவையும் அதேதான் வந்திருக்கு. மண்ணுல அதைவிட மோசம்."

"பச்சையா வேண்டாம்னா சொல்லு, வேகவெச்சுத் தர்றேன்."

"ஈயம் வேகாதுக்கா. அவிச்சாலும் பொரிச்சாலும் அப்படியேதான் இருக்கும்."

சரோஜினி அக்கா அடுப்பங்கரை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் சுருங்கிப்போனதை நான் பார்த்தேன்.

"இன்னா சொல்ற நீ? என் கோழி இன்னா குப்பையா துன்னுகினு கீது? அரிசியும் கம்பும் நான் கையால போட்றேன். இந்தப் புள்ளைக்கு நான் வெசம் வச்சேன்றியா?"

"நீங்க வைக்கலக்கா. மண்ணுல இருக்கு."

"என் மண்ணுல இன்னா கீது? உன் மெசினுக்கு இன்னா தெரியும்? பேஜார் பண்றதுக்குன்னே படிச்சியா?"

விறுவிறுவென்று போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஜான்சிமேல் பட்டேன். அவள்தானே கைக்கு எட்டும் தூரத்தில் நின்றாள். வாங்கிக்கட்டிக்கொண்டு, "சரிக்கா, ஆஷாவைக் கிளப்பு, ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம்" என்றாள். சடங்கு முடியாத பெண்ணை வெளியே கூட்டிப்போவதா என்றேன். "போகலாம்" என்று மறுபடி சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். வாளி திரும்பி வராது.

ரத்தத்தில் ஈயம் இருந்தது. இருக்கவே கூடாத பொருள் அது, அதிலும் வளர்கிற பிள்ளைக்கு. டாக்டர் விளக்கிச் சொல்லச் சொல்ல, கணக்குப் பரீட்சையில் மார்க் குறைகிறது, எப்போதும் வயிற்றுவலி என்கிறாள் என்று நான் திட்டியதெல்லாம் காதுக்குள் ஓடியது. அதற்கெல்லாம் இதுதான் காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். "இந்த அளவுக்கு மருந்து தேவையில்லைம்மா. வர்ற வழிய அடைங்க. இரும்புச் சத்தும் கால்சியமும் நிறைய குடுங்க. உடம்புல அது குறைஞ்சா ஈயம் சுலபமா ஏறும். நாலு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கலாம்" என்றார்.

நாலு மாதம். கர்த்தாவே, அது குறையாமல் போனால்? அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. கீரை, கேழ்வரகு, பால், கூடவே நெல்லிக்காய் என்று ஆஷாவை விரட்டி விரட்டிக் கொடுத்தேன். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராது என்று ஜான்சி சொல்ல, வீட்டில் சாப்பாட்டு நேரத்து டீயே நின்றது. என் வீட்டுக்காரர் பாவம், மொட்டை மாடியில் போய் ஒளிந்து குடித்தார்.

அந்த மொட்டை மாடிக்கும் ஆபத்து வந்தது, சொல்கிறேன்.

ஈயம் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஜான்சிக்குச் சோறு இறங்கவில்லை. அத்தனை சுத்தமான பின்கட்டு! தினமும் சரோஜினி அக்கா கதவைத் தட்டினாள். தினமும் உள்ளிருந்து திட்டு வந்தது. நின்று கேட்டுவிட்டு வேலைக்குப் போவாள். நானாக இருந்தால் இரண்டாம் நாளே பதிலுக்குத் திட்டியிருப்பேன். ஒரு நாள் அவள் ஆஷாவின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்றே படித்தாள். கதவு திறந்தது.

"பாப்பா ரத்தத்துலயா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. கோழி மேல தப்பு இல்ல, உங்க மேலயும் இல்ல. இந்த மண்ணு எப்ப போட்டது, எங்கேருந்து வந்துச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பெருவெள்ளம் வந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் எங்கள் தெருவில் இடுப்பளவு நின்றது. வடிந்த பிறகு எல்லாரும் மண்ணடித்து மனையை உயர்த்தினோம். நாங்கள் லாரி மண் வாங்கினோம். அக்காவிடம் அவ்வளவு வசதி இல்லை. அப்போது கொஞ்சம் தள்ளி ஒரு பழைய கொட்டகையை இடித்துக்கொண்டிருந்தார்களாம். அங்கே ஒரு காலத்தில் லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்து உருக்குவார்களாம். மண்ணை வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார்கள்.

"கருப்பா, நல்லா பொலபொலன்னு இருந்துச்சும்மா. செடி நல்லா வரும்னு நெனச்சேன். நானே கூடையில வாரிக்கினு வந்தேன்."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். ஜான்சி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அன்றைக்குத்தான் அக்கா மேல் இருந்த வருத்தமெல்லாம் போனது. வெள்ளத்துக்குப் பயந்து மண்ணடித்த யாருக்கும் இது நடந்திருக்கும்.

"கோழிய அறுத்துறணுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். இடம் மாத்தலாம். எங்க வீட்டு மொட்டை மாடி இருக்கே."

என்னை ஒரு வார்த்தை கேட்டாளா? இல்லை! சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன், மாடிப்படியில் கோழிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. துணி காயப்போடும் இடத்தில் வலை கட்டியாயிற்று. பரிசோதித்த மண் ஒரு தொட்டியில், கடைத் தீவனம் ஒரு தட்டில். நான் வாயைத் திறந்தேன். "நாலு மாசம்க்கா" என்றாள். மூடிக்கொண்டேன். அன்று முதல் அலாரமே வேண்டாம், சேவல் பார்த்துக்கொண்டது.

அடுத்து பின்கட்டு. விஷயத்தைத் தெருவில் மறைக்கக் கூடாது, வேறு யார் அந்த மண்ணை வாங்கினார்களோ தெரியாது என்று ஜான்சி பிடிவாதமாக இருந்தாள். இரண்டு முறை பார்த்து உறுதியாகிவிட்டதால் சாம்பசிவன் சாரும் சரி என்று, தானே கூட வந்து வீடு வீடாக மண் எடுத்தார். இன்னும் இரண்டு வீட்டில் அதே கறுப்பு மண். "எங்க மனை விலை போயிடும்" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். ஜான்சி அவரைப் பார்த்து, "உங்க பேரன் அங்கதான சார் விளையாடறான்?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் அவரே மண் நனைக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூசி பறக்காமல் நனைத்து, மேல்மண்ணைச் சாக்கில் கட்டி, ஆய்வகம் சொன்ன இடத்துக்கு அனுப்பிவிட்டு, மிச்சத்தைச் சிமெண்டால் மூடினார்கள். முருங்கை மட்டும் நின்றது. அதன் கீரையையும் தொடக் கூடாது என்று உத்தரவு.

மாடிக் கோழிகளின் முட்டையில் ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒவ்வொரு வாரமும் ஜான்சி எடுத்துப்போவாள். ஒரு நாள், "இப்ப சாப்பிடலாம்க்கா, கடை முட்டை அளவுக்கு வந்தாச்சு" என்றாள். நான் சரோஜினி அக்காவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டார்.

"பாப்பா ரத்தம் எறங்கட்டும். அப்பால குடுக்கறேன்."

தினமும் மாடி ஏறித் தீவனம் வைப்பார், முட்டையைப் பொறுக்கி ஜான்சி கையில் கொடுப்பார். ஆஷாவைப் பார்த்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிடுவார். "சரோஜினி பெரியம்மா என்கிட்ட பேசவே மாட்டேங்கறாங்க" என்று ஆஷா அழுதாள்.

நாலாம் மாதம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வரும் நாள் சனிக்கிழமை. எனக்கு விடுமுறை. காலையிலிருந்து மூன்று முறை ஒரே பாத்திரத்தைத் தேய்த்தேன். ஜான்சியே போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சரோஜினி அக்கா மாடியிலிருந்து இறங்கி எங்கள் வாசலில் வந்து நின்றார். இந்த முறை ஜான்சி ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பாதிக்கும் கீழ வந்துடுச்சுக்கா. இன்னும் இறங்கும்."

நான் "ஸ்தோத்திரம்!" என்று கத்தியது பம்மல் வரைக்கும் கேட்டிருக்கும். ஆஷாவைக் கட்டிக்கொண்டு அழுதேன், ஜான்சியைக் கட்டிக்கொண்டு அழுதேன். திரும்பிப் பார்த்தால் சரோஜினி அக்காவைக் காணோம்.

அடுப்பங்கரையில் இருந்தார். என்னைக் கேட்காமலே அடுப்பைப் பற்றவைத்து ஒரு முட்டையை வேகப்போட்டிருந்தார். உரித்து, கத்தியால் இரண்டாக நறுக்கி, உப்பைத் தூவினார். அத்தனை வருஷத்தில் தன் கோழி முட்டையை அவர் வாயில் வைத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு பாதியை எடுத்து, எங்கள் எல்லார் முன்னாலும் மென்று விழுங்கினார். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே மொதல்ல நான் துன்னுவேன். அப்பால தான் புள்ளைங்களுக்கு."

மறு பாதியை ஆஷாவிடம் நீட்டினார். ஆஷா அந்தக் கையைப் பிடித்து அப்படியே வாயில் வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம், நான் முட்டை ஓட்டைக் கூட்டிக் குப்பையில் போடப் போகிறேன். ஜான்சி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, ஓட்டைப் போட்டுடாதே. அது எனக்கு வேணும், ஆய்வகத்துல பார்க்கணும்."