துப்பாக்கியோடு ஆள் கூப்பிடப் போனவன்

போன செவ்வாய்க்கிழமை கச்சிராயபாளையத்து டீக்கடைக்குள் என் மச்சான் சேகர் நுழைந்தான். தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. பெஞ்சில் இருந்த நாலு பேரும் டம்ளரோடு எழுந்து வெளியே போய்விட்டார்கள்.

"பாத்தியா மாமா, மரியாதைய" என்றான்.

மரியாதையா? வெறிநாய் வந்தாலும்தான் பெஞ்ச் காலியாகும். அதைச் சொன்னேன். மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான்.

சேகருக்கு மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் மக்காச்சோளம். காட்டுப்பன்றியை விரட்டத்தான் அந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ். ஆனால் வரப்புத் தகராறில் பக்கத்து நிலத்துக்காரர் இவனைப் பார்த்துக் காலை ஒடித்துவிடுவேன் என்று சொன்ன நாளிலிருந்து அது இவன் தோளை விட்டு இறங்கவில்லை. ரேஷன் கடை, பஸ், கல்யாணப் பந்தி... கேட்டால் தற்காப்பாம். பன்றிக்குக் கொடுத்த லைசென்ஸ் பந்திக்குச் செல்லுமா? ஸ்டேஷனுக்குத் தெரிந்தால் லைசென்ஸையே பிடுங்கிக்கொள்வார்கள் என்றேன். காதில் வாங்கவில்லை.

சோளக்கதிர் முற்றிக் காய்ந்து நின்றது. மலைமேல் மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. நனைந்தால் கதிர் செடியிலேயே முளைத்துவிடும் — பட்ட பாடெல்லாம் போச்சு. உடனே ஒடிக்க ஆள் வேண்டும். எங்கள் பக்கம் ஆள் என்றால் அஞ்சலைதான். பதினைந்து பெண்களைச் சேர்த்துக் கூட்டி வருகிறவள்.

வேலைக்குக் கூப்பிட நிலத்துக்காரனே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அது வழக்கம். சேகரும் போனான். எப்படி? துப்பாக்கியை மாட்டிக்கொண்டு!

தெருவில் விளையாடிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் கதவைச் சாத்தினார்கள். ஆள் இல்லை என்று அஞ்சலை சொல்லி அனுப்பிவிட்டாள். அவளுங்களுக்கு உடம்பு வணங்கவில்லை என்று என்னிடம் வந்து குதித்தான்.

அவன் பேச்சைக் கேட்டு எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நானே போய் அஞ்சலையிடம் கேட்டேன்.

"ஆளுக்கு இன்னாண்ணா கொற? அவரு அத்த மாட்டிக்கினு பின்னால நிப்பாரு, நாங்க முதுக காட்டிக்கினு கதிர் ஒடிக்கணுமா? கால் தடுக்கி வெடிச்சா அவரோட எதிரியா சாவாரு? நாங்கதான். வூட்ல பூட்டி வெச்சிட்டு வந்து கூப்பிடச் சொல்லுங்க. நாளைக்கே வரோம்."

இதில் என்ன தப்பு?

அதை அப்படியே வந்து சொன்னதும் சேகர் துள்ளினான். "அவ சொல்லி நான் எறக்கி வெக்கணுமா மாமா?"

"உனக்கு எதிரி ஒருத்தன். சோளம் ஒடிக்கப் பதினஞ்சு பேர் வேணும். யார் முக்கியம்னு நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

தற்காப்பு என்று ஊருக்குள் துப்பாக்கி மாட்டித் திரிகிற அத்தனை பேருக்கும் சொல்கிறேன். நீங்கள் ஒருத்தனை மிரட்டுவதாக நினைக்கிறீர்கள். மிரளுவது ஊர். வம்புதும்புக்கே வராத ஜனம் முதலில் விலகும். அப்புறம் நிஜமாகவே ஆபத்து வந்து கத்தினால், கேட்டு ஓடிவர யார் இருப்பார்கள்?

அன்று சாயங்காலம் மலையில் இடி இடித்தது. சேகர் துப்பாக்கியைப் பீரோவில் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு அஞ்சலை வாசலில் போய் நின்றான்.

மறுநாள் காலையிலேயே பதினைந்து பேரும் சோளக்கொல்லையில் இறங்கிவிட்டார்கள். பாதி ஒடித்திருப்பார்கள்... பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் வந்து நின்றார். சேகருக்கு வேர்த்துவிட்டது.

அவர் இவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அஞ்சலையிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நம்ம கொல்லைக்கு என்னிக்கும்மா வர்றீங்க?"