மேனேஜரின் வலது கால்

கடலில் மூழ்குகிறவர்களுக்கு வரும் நோய்களைக் கரையில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள் என்பது முக்குளிப்புத் தொழிலின் முதல் விதி. உங்கள் ஆபீசிலும் தலைவலி ஒருவருக்கு, அதைப் பற்றிய தீர்மானம் இன்னொருவருக்கு என்றுதான் இருக்கும். ஆகவே நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்கால்மேட்டுக்கு நேர் கிழக்கே, பதினாறு பாக ஆழத்தில், அதாவது ஏறக்குறைய நூறடியில், ஓர் இரும்புத் தோணி மூழ்கிக் கிடந்தது. அதை வெட்டி எடுத்த கான்ட்ராக்டரிடம் நான் குமாஸ்தா. விலங்கியல் பட்டத்தோடு நெரவியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, கடற்கரைக் கீற்றுக் கொட்டகையில் உட்கார்ந்து, மூழ்கிய நேரம், ஏறிய நேரம் எழுதுவேன். மூழ்குகிறவர் சவரிமுத்து, தூத்துக்குடிக்காரர். லாஞ்சில் அவர் கயிற்றைப் பிடிப்பவர் அவர் மனைவியின் அண்ணன் ராயப்பன். தங்கையின் தாலி கையில் இருந்தால் பிடி தளராது என்பது அவர்கள் வழக்கம். எல்லோருக்கும் மேலே மேனேஜர்.

காது

சளியோடு மூழ்கிய சவரிமுத்து ஒரு நாள் காதில் ரத்தத்தோடு வந்தார். தண்ணீர் உள்ளே போனதால்தான் வலி என்று மேனேஜர் முடிவு செய்து, எண்ணெய்ப் பஞ்சை வைத்து மெழுகால் அடைத்து மறுநாளும் இறக்கினார். செவிப்பறை கிழிந்தது.

மூழ்குகிறவருக்குக் குழாயில் காற்று அனுப்பும் கம்ப்ரசரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று மேனேஜர் மேஜையின் ஆடும் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. அன்று அந்த இடத்தில் செங்கல்லை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். சளி இருந்தால் மூழ்கக் கூடாது, காதை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை விரித்தபடியே மேனேஜர் மேஜை வரை போய்த் திரும்பினேன். மேனேஜர் சவரிமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"காதுதானே போச்சு? இரும்பு வெட்டக் கை இருக்குல்ல?"

தலை

இன்னொரு நாள் தலை பிளக்கிறது என்று வாந்தியெடுத்துக்கொண்டே கரையேறினார். குடித்திருக்கிறான் என்றார் மேனேஜர். அது தவக்காலம், சவரிமுத்து கறிகூடத் தொடாத நாட்கள். ராயப்பன்தான் கண்டுபிடித்தார். கம்ப்ரசர் துருப்பிடிக்கக் கூடாதென்று மேனேஜர் மேலே தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லியிருந்தார். காற்றை இழுக்கும் குழாயும் புகை விடும் குழாயும் ஒரே பாய்க்குள். அந்த மனிதர் அரை மணி நேரம் டீசல் புகையைச் சுவாசித்திருக்கிறார். ராயப்பன் கத்தியதற்கு மேனேஜர் நிதானமாகப் பதில் சொன்னார்:

"நாகப்பட்டினம் பஸ்ல பின் சீட்ல வர்றவனும் இந்தப் புகையைத்தான்யா குடிக்கிறான்."

கையெழுத்து

ஆழத்தில் இருக்கும்போது காற்று ரத்தத்தில் கரைந்து நிற்கும். ஏறும்போது நடுவில் அங்கங்கே நின்று நின்று வந்தால் மெல்ல வெளியேறிவிடும். நேரே ஏறினால், கோலியைத் தட்டியதும் சோடா பொங்குகிற மாதிரி உடம்புக்குள் பொங்கும். ரிஜிஸ்டரில் இதற்கென்று ஒரு பத்தி உண்டு. லாஞ்சிலிருந்து வரும் நேரச் சீட்டில் அந்த இடம் எப்போதும் காலியாகவே இருக்கும். 'ரெண்டு இடத்துல பத்துப் பத்து நிமிஷம்னு போட்டுக்கோம்மா' என்பார் மேனேஜர். போட்டேன், மாதக்கணக்கில். ஒரே ஒரு முறை, நிஜமாக நின்றாரா சார் என்று கேட்டேன்.

"கையெழுத்து அழகா இருக்கும்மா, அது போதும்."

தோள்

சவரிமுத்துவுக்குத் தோளில் வலி வந்தது. சுளுக்கு என்றார் மேனேஜர். அவர் தாயின் வயிற்றிலிருந்து கால் முந்திப் பிறந்தவராம்; அப்படிப் பிறந்தவர் மிதித்தால் எந்தப் பிடிப்பும் விடுமாம். குப்புறப் படுக்கவைத்து வலது காலால் மூன்று மிதி மிதித்தார். வலி போகவில்லை. மறுநாள் மூழ்கியபோது ஆழத்தில் வலி மாயமாக மறைந்தது. தண்ணீரின் அழுத்தத்தில் குமிழிகள் சுருங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. மேனேஜரோ தன் காலைத் தடவிக்கொண்டார்.

"பார்த்தியாம்மா? இந்தக் கால் இருக்கிறப்ப ஆஸ்பத்திரி எதுக்கு?"

இரண்டு கால்கள்

ஒரு சனிக்கிழமை, மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று வலுத்தது. உடனே திரும்பச் சொல்லி மேனேஜர் கரையிலிருந்து கொடியை ஆட்டினார். ராயப்பன் கயிற்றை நிறுத்தாமல் இழுத்தார். லாஞ்சிலிருந்து இறங்கிய சவரிமுத்து மணலில் பத்தடி நடந்து மண்டியிட்டார். "மச்சான், இடுப்புக்குக் கீழ ஒண்ணும் தெரியல" என்றார். மேனேஜர் செருப்பைக் கழற்றினார்.

"மிதிக்காதீங்க சார்" என்றேன். ராயப்பனுக்கு மட்டும்தான் கேட்டது. அவர் குறுக்கே நின்றார். "டீச்சர் சொல்லுது. காலை எடும்!" (நான் டீச்சர் இல்லை என்று சொல்ல இரண்டு வருடமாகக் கூச்சம்.)

சவரிமுத்துவைப் பலகையில் படுக்கவைத்து மீன் வேனில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தன்மேல் தப்பில்லை என்று காட்ட மேனேஜர் ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் புரட்டிப் பார்த்தார். "ஏறும்போதெல்லாம் ஒழுங்கா நின்னுதானே வந்திருக்கார்? அப்ப இது வேகமா ஏறினா வர்ற அந்த நோயா இருக்காது. முதுகெலும்புல வேற ஏதாவது பார்க்கணும்." மேனேஜர் தலையாட்டினார். சவரிமுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் எங்கேயும் நிக்கலை டாக்டர். இன்னிக்கும் நிக்கலை. அந்த நிமிஷமெல்லாம் நான் இட்டுக்கட்டி எழுதினது" என்றேன்.

டாக்டர் ரிஜிஸ்டரை மூடினார். ஆக்சிஜன் வைத்தார்கள். எங்கெங்கோ போன் செய்து, அழுத்த அறை உள்ள கடற்படை ஆஸ்பத்திரிக்கு அப்போதே வண்டியில் அனுப்பினார்கள். அங்கே அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி, அவரைப் பழைய ஆழத்துக்கே கொண்டுபோய், மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றினார்களாம்.

எனக்கு வேலை போனது. இரண்டு மாதம் கழித்து அனுபவச் சான்றிதழ் கேட்கக் கொட்டகைக்குப் போனபோது சவரிமுத்துவும் வந்தார். ஒரு கையில் கம்பு. இடது கால் இன்னும் இழுத்தது. ஆனால் நடந்து வந்தார். மேனேஜர் எழுந்திருக்காமலே அவர் காலைப் பார்த்து, இன்னும் இரண்டு மிதி மிதித்தால் கம்பையே போட்டுவிடலாம் என்றார்.

"ஒரு காலு வந்துட்டு சார். இன்னொண்ணும் வரட்டும், நானே வந்து உம்மை மிதிக்கேன்."

கடலுக்கடியில் உள்ள ஆபத்துகள் அத்தனைக்கும் அந்தப் புத்தகத்தில் வைத்தியம் இருந்தது. கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆபத்துக்கும், அதன் பக்கத்தில் அழகாக எழுதிக்கொண்டிருக்கும் ஆபத்துக்கும்தான் ஒரு வரிகூட இல்லை.