ராகேலின் நீரில் இறங்கிய சீனி

கம்பவுண்டர் செல்வதாஸ் கண்ணாடிக் குழலைச் சுடரில் காட்டிக்கொண்டிருந்தான். குழலுக்குள் நீல மருந்து, அதில் ராகேல் குப்பியில் கொண்டுவந்த சிறுநீர் எட்டுச் சொட்டு. ராகேல் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அந்த நீலத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். கொதி வந்ததும் நீலம் கலங்கிப் பச்சையானது. அங்கேயே நின்றுவிடு என்று மனத்துக்குள் சொன்னாள். நிற்கவில்லை. மஞ்சளாகி, காவியாகி, கடைசியில் செங்கல்லைப் பொடித்துப் போட்டதுபோல அடியில் படிந்தது.

"பழையபடிதான், எக்கா."

"நல்லாப் பாரு தம்பி. மருந்து கெட்டுப் போயிருக்கும்."

"இதே மருந்துதான் முன்னால வந்த ஓவர்சியருக்கும். அவருக்கு நீலமாட்டே நிக்குது, பாருங்கோ." அவன் இன்னொரு குழலைத் தூக்கிக் காட்டினான். வானத்தின் நிறம். ராகேலுக்கு அந்த முகம் தெரியாத ஓவர்சியர் மேல் கோபம் வந்தது.

மூன்று மாதமாக ஒரு சிட்டிகைச் சீனி நாக்கில் வைக்காதவளின் நீரில் சீனி எங்கிருந்துதான் இறங்குகிறது?

ராகேல் மிஷனைச் சேர்ந்த பைபிள் ஸ்திரீ. வயது நாற்பத்தொன்பது. புருஷன் இறந்த வருஷம் இந்த வேலைக்கு வந்தவள். பத்தொன்பது வருஷமாக ராஜாக்கமங்கலத்தைச் சுற்றியுள்ள பனை விளைகளில் வாரம் பதினான்கு வீடு ஏறி இறங்குகிறாள். வேதம் வாசிப்பாள், ஜெபம் பண்ணுவாள், பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். எல்லாம் கால்நடையாகத்தான். அந்தக் காலின் பெருவிரலில்தான், கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டு தை மாதத்தில், அதாவது 1933 பிறந்த கையோடு, ஒரு பனைமட்டையின் கருக்கு கீறியது. பனங்காட்டில் நடக்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு காயமா? மஞ்சளை அரைத்து வைத்தாள். வேப்பெண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். காயம் ஆறவில்லை. மாசி பிறந்தபோது விரல் கறுத்துக் கொழகொழத்து, கிட்டே வருகிறவர்கள் மூக்கைத் திருப்பிக்கொள்ளும்படி ஆயிற்று.

மிஷன் மருந்துச்சாலை டாக்டர் விரலைப் பார்க்குமுன் சிறுநீரைக் கேட்டார். பிறகு சொன்னார்: ரத்தத்தில் சீனி ஏறியிருக்கிறது, சீனி ஏறிய உடம்பில் புண் ஆறாது, இனிப்பு எதுவும் ஆகாது, சோற்றையும் பாதியாகக் குறை. சித்திரை முடியுமுன் சிறுநீர் தெளியவில்லையென்றால் விரல் போகும். அதற்கும் மேலே ஏறினால் கால் போகும். கால் போன பைபிள் ஸ்திரீயை வைத்துக்கொண்டு மிஷன் என்ன செய்யும்? அவளுடைய பதினான்கு வீடும் வேறொருத்திக்குப் போகும். இதை டாக்டர் சொல்லவில்லை, ராகேலுக்கே தெரியும்.

டாக்டர் தெளிவாக "எதுவும்" என்றுதான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் ராகேலின் மனத்தில் அது வேறாகிவிட்டது. அலமாரியில் மிஷன் துரைசானி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த வெள்ளைச் சீனி டின் இருந்தது. மில்லில் இயந்திரம் சுற்றி, எலும்புக்கரி போட்டு வெளுக்கிற சரக்கு என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். வந்த தீனத்துக்கு, இந்த நோய்க்கு, இதுதான் காரணம் என்று தீர்மானித்து, டின்னைச் சபைப் போதகரான ஐயருடைய மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கருப்பட்டிக்கு மாறினாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது கருப்பட்டி, இருமலுக்குக் கொடுப்பது கருப்பட்டி. மருந்தை யாராவது இனிப்பு என்பார்களா?

குழல் சிவந்தது.

கருப்பட்டியில் சுண்ணாம்பு சேருகிறது, அடுப்பேறுகிறது, அதனால்தான் என்று தேனுக்கு மாறினாள். காணிக்காரர்கள் மலையிலிருந்து இறக்கிய சுத்தமான தேன். குழல் சிவந்தது. தேன் சூடு என்று, மரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய அக்கானிக்கு மாறினாள். பனை தானாகச் சுரக்கிற நீர், அது குளிர்ச்சி. அதற்கும் குழல் சிவந்தது. அப்புறம் ஒரு நாட்டு வைத்தியர் சிறுகுறிஞ்சான் இலையை மெல்லச் சொன்னார். மென்ற பிறகு கருப்பட்டியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல இருந்தது. இனிப்பின் சுவடே இல்லை. ராகேலுக்குப் பரமதிருப்தி. விளை விளையாக இலையை மென்றுகொண்டே போய், கொடுத்த காப்பியையெல்லாம் குடித்தாள். நாக்குக்கே தெரியாதது உடம்புக்கு எப்படித் தெரியும்?

இன்றைக்குச் சிவந்தது அதன் பலன்.

டாக்டர் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. "மில்லிலிருந்து வந்தாலும் பூச்சியிலிருந்து வந்தாலும் பனையிலிருந்து வந்தாலும் உங்கள் ரத்தத்துக்கு ஒன்றுதான் அம்மா. நாக்கை மரக்கவைத்துவிட்டுக் குடித்தால் வயிற்றுக்குள் போகாதா? அடுத்த செவ்வாய்க்கிழமை வரை பார்ப்பேன். அதற்குமேல் கத்திதான்."

"அப்போ நான் என்னத்தைத்தான் குடிக்கியது?"

"தண்ணீர்."

தண்ணீராம்! பத்தொன்பது வருஷத்தில் எந்த வீட்டிலாவது அவளுக்குத் தண்ணீர் மட்டும் கொடுத்திருக்கிறார்களா?

டாக்டருக்குப் புரியாதது அதுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு காப்பி வரும். அதைக் குடித்தால்தான் புத்தகத்தைத் திறக்கலாம். பனையேறி வீட்டில் கொடுத்ததைக் குடிக்காமல் எழுந்தால், இவள் மேசை போட்டுத் தின்கிற மேசைக்காரி, எங்கள் கைத் தண்ணீர் இவளுக்கு இறங்காது என்று பேச்சு வரும். குடித்துக் குடித்துத்தான் ராகேல் அந்த வீடுகளைத் திறந்திருந்தாள்.

தீனத்தைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் நீரில் சீனி போவது உட்கார்ந்து தின்னுகிற பண்ணையார்களுக்கு வருகிற வியாதி என்பது ஊர்ப் பேச்சு. வெயிலில் உழைக்கிற பெண்களிடம் போய், வாயைக் கட்டு, ஆசையை அடக்கு என்று வேதம் படிக்கிறவளுக்கு அந்த வியாதியா? அவள் போய்விட்டு வந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதை மறைக்கவே கொல்லைப்புறத்தில் தினமும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை தாணம்மாள் வீட்டு முறை. தாணம்மாளின் புருஷன் கிருஷ்ணமணி நாற்பது பனை ஏறுகிறவன். விளைக்கு நடுவில் ஓலைக் குடிசை, அதை ஒட்டிக் கருப்பட்டி காய்ச்சுகிற அடுப்பு. ராகேல் போனபோது பாகு பதத்துக்கு வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் யார் படியேறினாலும் ஓலைத் துண்டில் பாகு தொட்டுக் கொடுப்பது அந்த விளையின் வழக்கம். மணம் விளையையே நிரப்பியிருந்தது. ராகேலின் வாயில் எச்சில் ஊறியது. அந்த எச்சில் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"வாங்கோ எக்கா. சரியான நேரத்துக்கு வந்திய." தாணம்மாள் ஓலையை நீட்டினாள்.

"வேண்டாம் மக்கா."

"பதம் சொல்லுங்கோ. உங்க நாக்கு சொன்னாத் தப்பாது."

"வயிறு சரியில்ல. நீ புத்தகத்தை எடு."

தாணம்மாள் ஓலையை நீட்டியபடியே நின்றாள். பாகு வழிந்து மணலில் சொட்டியது. பிறகு உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். கருப்பட்டிக் காப்பி. அதையும் ராகேல் தொடவில்லை. திண்ணை விளிம்பில் அது ஆறிக் கிடந்தது.

"போன வாரம் வரைக்கும் சரியாயிருந்த வயிறு இன்னிக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல்ல. பாடத்தைப் படி."

"ஐயர் வீட்டுல உங்களுக்குச் சீனிக் காப்பின்னு அங்க வேலைக்குப் போற செல்லத்தாய் சொன்னா. துரைசானி டின் டின்னாட்டு தாறாளாம். வெள்ளைச் சீனி குடிச்ச நாக்குல கறுத்த கருப்பட்டி இறங்குமா?"

"ஏட்டி, என்ன பேச்சு பேசுக?"

"உள்ளதைத்தான் சொல்லுகேன்." தாணம்மாள் அடுப்புக்குத் திரும்பினாள். "பாகு முறுகிப் போவும். இன்னிக்குப் பாடம் வேண்டாம், எக்கா."

தாணம்மாளுக்குப் பாடம் கூட்டெழுத்து வரைக்கும் வந்திருந்தது. வடசேரிச் சந்தைக்குப் போனால் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்துவிட்டு வந்து, கிருஷ்ணமணி தலையில் அடித்துக்கொள்ளும் வரை சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் புத்தகம் வேண்டாம் என்கிறாள். ராகேல் நொண்டிக்கொண்டே திரும்பினாள். வழியெல்லாம் டாக்டரைத் திட்டினாள், பனையைத் திட்டினாள், தன் விரலைத் திட்டினாள். வியாழனும் வெள்ளியும் ஐந்து வீடுகளில் இதே கதைதான். ஒரு வீட்டில், "சுக்குக் காப்பிதானே எக்கா, சுக்கு வயித்துக்கு நல்லதுல்லா" என்று கட்டாயப்படுத்தினார்கள். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளே ஆள் பேசும் சத்தம் கேட்டது.

சனிக்கிழமை செல்லத்தாய் வந்து, தாணம்மாள் கூப்பிடுகிறாள் என்றாள்.

குடிசையில் பாய் விரித்திருந்தது. பாயின் முன்னால் ஒரு பித்தளைத் தம்ளர், தேய்த்துத் தேய்த்துக் கண் கூசும்படி. பக்கத்தில் காகிதப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. உள்ளே வெள்ளைச் சீனி. கிருஷ்ணமணி கொல்லைப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். தாணம்மாள் கழுத்தை நிமிர்த்தி நின்றாள்.

"சந்தைக்குப் போனவரு வாங்கிட்டு வந்தாரு. நாலு கரண்டி போட்டிருக்கேன். இதாவது இறங்குமா பாப்போம்."

ராகேல் தம்ளரைப் பார்த்தாள். குடித்துவிட்டால் முடிந்தது. தாணம்மாள் புத்தகத்தை எடுப்பாள். விளை முழுக்கத் திரும்பவும் திறக்கும். செவ்வாய்க்கிழமை குழல் சிவக்கும். சிவந்தால் விரல், பிறகு கால், பிறகு விளையும் இல்லை, தாணம்மாளும் இல்லை. எப்படிப் பார்த்தாலும் எதையோ வெட்ட வேண்டியிருந்தது. தம்ளரைக் கையில் எடுத்துவிட்டாள். சூடு விரல்களில் ஏறியது. அவ்வளவுதான், மூன்று மாத எரிச்சல் முழுவதும் தொண்டைக்கு வந்துவிட்டது.

"சவம், எனக்கு இது ஆகாதுட்டி!" என்று கத்தினாள். "எனக்க நீருல சீனி போகுது. உங்க கருப்பட்டியும் ஆகாது, துரைசானி சீனியும் ஆகாது, தேனும் ஆகாது, ஒரு எழவும் ஆகாது. நான் போய்ட்டு வந்த இடத்துல எறும்பு ஊருது. போதுமா? இந்த விரல் ஆறாம அழுகுறது அதனாலதான். செவ்வாக்கிழமை அறுத்துடுவேன்னு டாக்டர் சொல்லுகாரு."

கிருஷ்ணமணி மெல்லத் தலையை இழுத்துக்கொண்டான்.

தாணம்மாள் பாயில் உட்கார்ந்து, கேட்காமலே ராகேலின் காலைப் பிடித்துக் கட்டை விலக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதைப் புதன்கிழமை சொன்னா வாயில முத்து உதிர்ந்திருமா?"

"வெக்கமாட்டு இருந்துது."

"எனக்கும் மூணு நாளாச் சோறு இறங்கல்ல. மேசைக்காரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன். இனி வீடு வீடாட்டுப் போயி இல்லேன்னு சொல்லணும்." தம்ளரை வாங்கி ஒரே மூச்சில் தானே குடித்தாள். நாக்கைச் சப்புக்கொட்டினாள். "இதுக்கா இவ்வளவு பவுசு? மணமும் இல்ல, குணமும் இல்ல." பிறகு கொல்லைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏங்க, மிச்சத்தை நீங்களே நக்குங்கோ!"

அன்றைக்குக் கூட்டெழுத்தில் இரண்டு பக்கம் நடந்தது. தாணம்மாளின் வாய் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு ஆராதனைக்குள் ராகேலின் நீரில் சீனி போகிற சங்கதி ராஜாக்கமங்கலம் முழுக்கத் தெரிந்துவிட்டது. கோவில் வாசலில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். பாகற்காய், நாவற்கொட்டை, ஆவாரம்பூ. அத்தனையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு ராகேல் தண்ணீர் குடித்தாள்.

செவ்வாய்க்கிழமை குழல் கொதித்தது. நீலம் கலங்கியது, பச்சையானது. ராகேல் இந்தத் தடவை எதையும் வேண்டிக்கொள்ளவில்லை; வேண்டி வேண்டிச் சலித்திருந்தாள். செல்வதாஸ் குழலைச் சுடரிலிருந்து எடுத்தான். பச்சை பச்சையாகவே நின்றது.

"நல்ல மாற்றம்," என்றார் டாக்டர். பிறகு விரலை அமுக்கிப் பார்த்தார். கம்பியை உள்ளே விட்டார். அது எலும்பில் போய் முட்டிய சத்தம் ராகேலுக்கே கேட்டது. "எலும்பு கெட்டுவிட்டது. விரலை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் இனி வெட்டின இடம் ஆறும். கால் மிஞ்சும்."

"பச்சையாட்டு நிக்குதே, பொறவும் எதுக்கு அறுக்கணும்?"

"மூன்று மாதம் முன்னால் நின்றிருந்தால் அறுக்க வேண்டியதில்லை."

ராகேல் எத்தனை நாளில் நடக்கலாம் என்று மட்டும் கேட்டாள். ஆறு வாரம் என்றார். ஆறு வாரம் விட்டால் தாணம்மாள் படித்ததில் பாதி மறந்துவிடுவாள் என்று எரிச்சலோடு நினைத்தாள்.

விரலை எடுத்த நான்காம் நாள், வார்டில் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளின் தங்கை சுற்றி வந்து எல்லாருக்கும் மட்டிப்பழம் கொடுத்தாள். ராகேலிடமும் இரண்டு நீட்டினாள். "தின்னுங்கோ அம்மா. கடைச் சீனியா இது, வீட்டு வாழையில காய்ச்ச பழம்லா."

ராகேல் எழுந்து உட்கார்ந்தாள். கடைசிக் கட்டில் வரை கேட்கும்படி, "எனக்கு நீருல சீனி உண்டு மக்கா," என்றாள். "எல்லாரும் கேட்டுக்கிடுங்கோ. இனிமே யாரும் கொண்டுவராதீங்கோ."

அந்தப் பெண் திகைத்து நின்றாள். கையில் பழம் அப்படியே இருந்தது.

"ஒண்ணு தின்னா என்ன ஆகும் அம்மா?" என்றாள்.

ராகேல் போர்வையை விலக்கிக் கட்டுப்போட்ட காலைக் காட்டினாள்.