அக்காவின் விசாவுக்கு நான் எழுதிய பதில்

விசா விண்ணப்பம் நிரப்புவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். அப்படி நினைக்கக் காரணமும் இருந்தது. ஐரோப்பிய நாடொன்றின் அகதி விசாரணைகளில் எங்கள் ஆட்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அதிகாரி எந்தக் கேள்வியை எதற்காகக் கேட்கிறார், எந்தப் பதில் புதிய கேள்விகளை இழுத்துக்கொண்டு வரும் என்பதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். கேட்காததைச் சொல்லாதே, கேட்டதையும் சுருக்கிச் சொல். அந்த வேலை எனக்குப் பழக்கிவிட்ட புத்தி அது.

மனைவி இறந்த பிறகு முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து அக்காவோடு இருக்கிறேன். பிறந்த மண் இதுதான் என்றாலும் என் கடவுச்சீட்டு அந்த நாட்டினுடையது. வதிவிட விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து, சொந்த ஊரிலேயே வெளிநாட்டவனாக வாழ்கிறேன். “வெள்ளைக்காரத் தம்பிக்கு மீன்குழம்பு உறைக்குதோ?” என்று அக்கா சாப்பாட்டு நேரத்தில் சீண்டுவார்.

அம்மாவின் கல்லறை இந்தியாவில் இருக்கிறது. சண்டைக் காலத்தில் அக்காதான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போனவர். மண்டபம் முகாமில் அம்மா காய்ச்சலில் இறந்தார். அங்கேயே ஒரு சேமக்காலையில் அவரை அடக்கம் செய்துவிட்டு, சில வருடங்கள் கழித்து அக்கா தனியாக ஊர் திரும்பினார். நான் அப்போது ஐரோப்பாவில், என் சொந்த அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல் நகர முடியாதவனாக இருந்தேன்.

கத்தோலிக்கர்களான எங்களுக்கு நவம்பரில் வரும் மரித்தோர் திருநாள் பெரிய நாள். முதல் நாளே ஊர்ச் சேமக்காலைக்குப் போய்ப் புல் செருக்கி, கல்லறைக்கு வெள்ளை அடித்து, மறுநாள் சுற்றிவர மெழுகுதிரி கொளுத்துவோம். பங்குச் சுவாமி கல்லறை கல்லறையாக வந்து செபம் சொல்லி மந்திரிப்பார். அம்மாவுக்கென்று அங்கே இடம் இல்லாததால் அக்கா நடுவிலுள்ள பெரிய சிலுவையடியில் கொளுத்திவிட்டு வருவார். “பொதுக்கணக்கில போட்டிட்டு வாறன்” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

போன வருடம் அக்காவின் முழங்கால் மோசமாகியது.

“நடக்கிற காலத்தில ஒருக்கா அம்மாவிட்டப் போகவேணும் தம்பி. இந்தத் திருநாளுக்கு நான் அங்க நிக்கவேணும்.”

“அதுக்கென்ன அக்கா, இந்தியா விசா எல்லாம் ஒரு விசாவே? நான் எடுத்துத் தாறன்.”

“உன்ர வாய்க்கு ஒரு நாட்டிலயும் விசா தேவைப்படாது” என்றார். ஆனால் அன்றைக்கே அலுமாரியைத் திறந்து நல்ல சேலை ஒன்றை வெளியே எடுத்து வைத்தார்.

இரண்டு பேருடைய விண்ணப்பங்களையும் நான்தான் நிரப்பினேன். என் விசாதான் பிந்தும் என்று கணக்குப் போட்டேன். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரன் இன்னொரு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிப்பது எப்போதும் இழுபடும். அக்காவினுடையதில் சிக்கலே இல்லை, ஒரே ஒரு கேள்வியைத் தவிர. இதற்கு முன் இந்தியா சென்றதுண்டா?

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். அக்கா பக்கத்தில் இருந்து பார்த்தார்.

“நான் போனனான் தானே?”

“களவாய் வள்ளத்தில போனதை எல்லாம் எழுதிறதே அக்கா? எழுதினால் தோண்டுவாங்கள்.”

“போனதுதான் களவு. திரும்பி வரேக்க இந்தியாக்காரங்கள்தானே கடிதம் தந்து பிளேனில ஏத்தி விட்டவங்கள். அவங்களிட்டப் பதிவு இருக்குமெல்லே?”

“அந்தக் கடிதம் எங்க?”

“கடைசி இடப்பெயர்வில துலைஞ்சு போச்சு.”

“அப்ப விடுங்கோ. இது எனக்குத் தெரிஞ்ச வேலை.”

“ஆக்களின்ர பொய்யை மொழிபெயர்த்த உனக்குத் தெரியாததே” என்றார். சொல்லிவிட்டு, நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் படிப்புக் குறைவு, எனக்கு அதிகம். எங்கள் வீட்டில் அது எப்போதும் ஒரு அதிகாரமாக இருந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் கொடுத்துவிட்டு வந்தோம். சில நாட்களில் இரண்டு பேரையும் நேரில் வரச் சொல்லி அழைப்பு வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் தமிழ்நாட்டு அதிகாரி ஒருவர் இருந்தார். என் வயது பார்த்து மரியாதையாகப் பேசினார். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டு முடித்துவிட்டு அக்காவிடம் திரும்பினார்.

“அம்மா, இதுக்கு முன்னாடி நீங்க இந்தியா வந்ததே இல்லையா?”

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து நிமிர்ந்து சொன்னார்.

“தம்பி அப்பிடி எழுதியிருக்கிறான். நான் வந்தனான் ஐயா. மண்டபத்தில இருந்தனான். எங்கட அம்மாவை அங்கதான் அடக்கம் செய்தது. அதுக்குத்தான் போகக் கேக்கிறன்.”

அதிகாரி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரு வசனம்தான். ‘எழுதியது நான், பிழை என்னுடையது.’ எத்தனையோ பேருடைய வசனங்களைப் பிசகாமல் மொழிபெயர்த்த வாய் இது. அதைச் சொல்லவில்லை.

“அக்காவுக்கு வயது போயிட்டுது, கொஞ்சம் தடுமாற்றம். நடந்ததையும் நடக்காததையும் கலந்து கதைப்பா” என்றேன்.

நான் செய்தது இதுதான். வேறு எந்த விதமாகச் சொன்னாலும் அது இன்னொரு மொழிபெயர்ப்பாகத்தான் இருக்கும். அக்கா கைப்பையை மடியில் வைத்து, அதன் வாரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அதிகாரியும் என்னை நம்பவில்லை. “அவங்க தெளிவாத்தான் சொல்றாங்க சார்” என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தாளில் ஏதோ குறித்தார்.

திரும்பும்போது பரந்தனில் பஸ் மாற வேண்டியிருந்தது. நான் பஸ்களின் பெயர்ப்பலகையைப் பார்த்து நிற்க, அக்கா என் தோளில் தட்டினார்.

“இதுதான் தம்பி முல்லைத்தீவு பஸ். ஏறு. நான் கலந்து சொல்லேல்ல.”

என் கடவுச்சீட்டு விசாவோடு வந்தது. அக்காவினுடையது வெறுமையாக வந்தது. முந்தைய பயணத்தை மறைத்ததால் நிராகரிப்பு, உரிய விபரங்களோடு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். திருநாளோ அடுத்த வாரம். நானும் போகப்போவதில்லை என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்தது.

“உனக்கும் அவா அம்மாதானே? ரெண்டு பேரும் போகாமல் இஞ்ச இருந்து என்ன செய்யப்போறம்? போ. உள்ளுக்குப் போனதும் வலப்பக்கம், கிணற்றைத் தாண்டி மதிலோரம். சீமெந்துக் கட்டு இல்லை, மரச்சிலுவைதான் நட்டது.”

மெழுகுதிரிகளைப் பழைய துணியில் சுற்றித் தந்தார். பலாலியிலிருந்து திருச்சிக்கு விமானம், அங்கிருந்து பஸ். திருநாளன்று பின்நேரம் அந்தச் சேமக்காலை வாசலில் நின்று அக்காவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அவர் எங்கள் சேமக்காலைக்குப் போகவில்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, எடுத்து வைத்திருந்த அந்த நல்ல சேலையோடு இருந்தார்.

கிணறு இருந்தது. மதிலும் இருந்தது. அக்கா சொன்ன இடத்தில் புதிய சீமெந்துக் கல்லறை ஒன்று இருந்தது. அதில் யாரோ ஒருவருடைய பெயர். மரச்சிலுவை உக்கி, இடம் இன்னொருவருக்குக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கமராவைத் திருப்பாமல் நின்றேன். பக்கத்தில் பெயரில்லாத பழைய மண்மேடு ஒன்று கிடந்தது. அதைக் காட்டி இதுதான் என்றால் அக்கா நிம்மதியாகக் கும்பிட்டுவிடுவார்.

“என்ன தம்பி, கண்டுபிடிச்சிட்டியோ?”

“இடம் இதுதான் அக்கா. ஆனால் மேல வேற ஆக்களைத் தாட்டிருக்கினம். வேற பேர் கிடக்கு.”

அக்கா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“ஆம்பிளையோ, பொம்பிளையோ?”

“பொம்பிளை.”

“அப்ப சரி. அம்மாவுக்குக் கதைக்க ஆள் இருக்கு. கொளுத்து.”

முழங்காலில் இருந்து கொளுத்தினேன். கடல் காற்று விடவில்லை.

“அக்கா, அண்டைக்கு அந்தக் கண்ணாடிக்கு முன்னால நான் சொன்னது...”

“கையால மறைச்சுப் பிடி தம்பி” என்றார் அக்கா. “அணையப் போகுது.”